கர்ப்பப்பைக்குள் பாலிப்: சுரண்டவும் வேண்டாம், கர்ப்பப்பையை எடுக்கவும் வேண்டாம்

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 43 வயது. பண்ருட்டி பக்கம் கிராமம். முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்குப் போகிறேன். இரண்டு பிள்ளைகள், இரண்டுமே சிசேரியன். இரண்டாவதோடு குடும்பக் கட்டுப்பாடும் செய்தாயிற்று. ஏழெட்டு மாதமாக மாதவிலக்கு எட்டு நாள், பத்து நாள் என்று நீள்கிறது. நின்ற பிறகும் இடையில் இரண்டு நாள் கறை படுகிறது. மாதவிலக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்பு ஸ்கேன் எடுத்தேன். 'எண்டோமெட்ரியம் 16 மி.மீ., உள்ளே 18 x 9 மி.மீ. பாலிப் போலத் தெரிகிறது' என்று எழுதியிருக்கிறார்கள். ரத்தம் 8.4. பி.பி. மாத்திரை சாப்பிடுகிறேன். ஒரு டாக்டர் சுரண்டி எடுத்துவிடலாம் என்கிறார். வீட்டில், 'பிள்ளைதான் பெத்தாச்சே, கர்ப்பப்பையையே எடுத்துட்டா தொல்லை விட்டது' என்கிறார்கள். இது புற்றுநோயாக இருக்குமா? மூன்றாவது முறையும் வயிற்றில் கத்தி வைக்கப் பயமாக இருக்கிறது. என் மாமியாருக்கு 62 வயது. மாதவிலக்கு நின்று பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. போன மாதம் இரண்டு நாள் லேசாகக் கறை பட்டது. வெளியே சொல்ல வெட்கப்படுகிறார். அதற்கும் ஏதாவது பார்க்க வேண்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கடலூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எழுதியிருக்கும் அளவுள்ள பாலிப்பை எடுக்க வயிற்றில் ஒரு தையல்கூடத் தேவையில்லை. பிறப்புறுப்பு வழியாகக் கர்ப்பப்பைக்குள் ஒரு மெல்லிய கேமராக் குழாயைச் செலுத்தி, உள்ளே இருப்பதைத் திரையில் பார்த்துக்கொண்டே அடியோடு கத்தரித்து எடுத்துவிடலாம். ஹிஸ்டரோஸ்கோப்பி என்பது அதுதான். பெரும்பாலும் அன்று மாலையே வீட்டுக்குப் போய்விடலாம். சுரண்டுவதற்கோ கர்ப்பப்பையை எடுப்பதற்கோ யாராவது கையெழுத்துக் கேட்டால், இந்தப் பதிலைப் படித்து முடிக்கும் வரை போடாதீர்கள்.

கர்ப்பப்பையின் உள்சவ்வில் ஓர் இடம் மட்டும் தனியாக வளர்ந்து, நடுவில் ஒரு ரத்தக்குழாயோடு உள்ளே தொங்குவதுதான் பாலிப். ஃபைப்ராய்டு வேறு. அது தசையிலிருந்து வருவது, கெட்டியாக இருக்கும். பாலிப் மிருதுவானது. உங்களுடையது நீங்கள் தினமும் உடைத்தெடுக்கும் முந்திரிப் பருப்பைவிடச் சிறியது. ஆனால் அதன் மேற்பரப்பு எளிதில் புண்ணாகிக் கசியும். இடையில் படும் கறைக்குக் காரணம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். 10 மி.மீ.க்குக் குறைவான பாலிப்பாக இருந்து தொந்தரவும் இல்லையென்றால், நான்கில் ஒன்று ஓராண்டுக்குள் தானாகவே மறைந்துவிடும் என்பதால் பொறுத்துப் பார்க்கலாம். உங்களுக்கு அளவும் பெரிது, ரத்தமும் போய்க்கொண்டிருக்கிறது. எடுத்துவிடுவதே சரி.

புற்றுநோயா என்று கேட்டிருக்கிறீர்கள். மாதவிலக்கு இன்னும் நிற்காத பெண்களிடமிருந்து எடுக்கப்படும் பாலிப்களில், புற்றுநோயோ அதற்கு முந்தைய மாற்றமோ இருப்பது நூற்றுக்கு ஒன்றிரண்டு. மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டு எடுக்கப்படுபவற்றில் அது நூற்றுக்கு ஐந்து அளவுக்கு உயரும். அதிக எடை, மார்பகப் புற்றுநோய்க்குச் சாப்பிடும் டமாக்சிஃபென் மாத்திரை ஆகியவை ஆபத்தைக் கூட்டும். உங்கள் கணக்கு நல்ல பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் ஸ்கேனைப் பார்த்தோ கேமராவில் பார்த்தோ 'இது சாதாரணம்தான்' என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. எடுத்த சதையைப் பயாப்ஸி செய்தால்தான் தெரியும்.

இப்போது ஸ்கேன் சீட்டுக்கு வருகிறேன். 16 மி.மீ. என்ற எண் உங்களைக் கலங்கடித்திருக்கும். மாதவிலக்குக்கு ஒரு வாரம் முன்பு உள்சவ்வு அந்த அளவுக்குத் தடித்திருப்பது இயல்பு. அந்த எண்ணை அப்படியே விட்டுவிடுங்கள். அதைவிட முக்கியம், அந்த நாட்களில் தடித்த சவ்வின் மடிப்பே பாலிப் போலத் தெரியக்கூடும், உண்மையான பாலிப்பும் அதற்குள் மறைந்துபோகக்கூடும். மாதவிலக்குத் தொடங்கிய 5-ம் நாளிலிருந்து 10-ம் நாளுக்குள், ரத்தம் நின்றதும், பிறப்புறுப்பு வழி ஸ்கேன் ஒன்று எடுங்கள். ரத்த ஓட்டத்தைக் காட்டும் கலர் டாப்ளரும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பாலிப் என்றால் அதற்குள் போகும் ஒற்றை ரத்தக்குழாய் பெரும்பாலும் தெரியும். சந்தேகம் தீராவிட்டால் மெல்லிய குழாயால் சில மில்லிலிட்டர் சலைனைக் கர்ப்பப்பைக்குள் விட்டு ஸ்கேன் செய்வார்கள். நீர் சூழ்ந்ததும் பாலிப்பின் உருவமும் அது ஒட்டியிருக்கும் இடமும் தெளிவாகத் தெரிந்துவிடும். ஃபைப்ராய்டு ஏதும் உள்ளே துருத்திக்கொண்டிருக்கிறதா என்பதும் இதில் தெரியும். ஃபைப்ராய்டு என்றால் கருவியும் வேறு, எடுக்கும் முறையும் வேறு.

சுரண்டி எடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் இன்னும் இதுதான் அதிகம் நடக்கிறது. டி அண்ட் சி என்ற இந்தச் சுரண்டலில் மருத்துவர் எதையும் பார்ப்பதில்லை. கரண்டி போன்ற கருவியைக் கர்ப்பப்பைக்குள் விட்டு, கையின் உணர்வை மட்டும் வைத்துச் சவ்வை வழிக்கிறார். பாலிப் மிருதுவாக, காம்பில் ஆடிக்கொண்டிருப்பது. கருவி பட்டால் ஒதுங்கிக்கொள்ளும். பல சமயம் முழுதாகத் தப்பிவிடும், அல்லது தலை மட்டும் பிய்ந்து வந்து அடிப்பகுதி அங்கேயே நிற்கும். அடிப்பகுதி நின்றால் மறுபடி வளரும். சுற்றிலும் வந்த சாதாரணச் சவ்வு பயாப்ஸிக்குப் போய் 'குறையில்லை' என்று ரிப்போர்ட் வரும், பாலிப் உள்ளேயே இருக்கும், ரத்தமும் நிற்காது. 'இரண்டு தடவை கழுவியும் நிற்கவில்லை' என்று சொல்லி, அதையே காரணமாக வைத்துக் கர்ப்பப்பையை எடுக்கும் நிலைக்குப் பெண்கள் வந்து சேர்வது இப்படித்தான். வேகமாகச் சுரண்டினால் உள்சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. கேமரா வசதி கிடைக்கும் இடத்தில் பாலிப்புக்குக் குருட்டுச் சுரண்டல் செய்யக் கூடாது.

கர்ப்பப்பைக்குள் பார்ப்பது ஒன்றும் நேற்று வந்த வித்தையும் இல்லை. 1869-ல் பான்டலியோனி என்ற மருத்துவர் முதன்முதலாக உயிருள்ள ஒரு பெண்ணின் கர்ப்பப்பைக்குள் குழாய் விட்டுப் பார்த்தபோது கண்டதே பாலிப் போன்ற ஒரு வளர்ச்சியைத்தான். மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்ட பெண் அவர்.

கர்ப்பப்பையை எடுப்பது பெரிய அறுவை சிகிச்சை. இரண்டு சிசேரியன் ஆன வயிற்றில் சிறுநீர்ப்பை தழும்போடு ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம், பிரித்தெடுக்கும்போது அதில் காயம் படலாம். குணமாகி வேலைக்குத் திரும்பப் பல வாரங்கள் பிடிக்கும். பயாப்ஸியில் கெட்ட மாற்றம் தெரிந்தாலோ, பெரிய ஃபைப்ராய்டுகளோ, உள்சவ்வு தசைக்குள் வளரும் அடினோமயோசிஸோ இருந்து மருந்துக்குக் கட்டுப்படாவிட்டாலோ அதைப் பற்றிப் பேசலாம். 18 மி.மீ. பாலிப்புக்காக மட்டும் அதைச் செய்ய எந்த நியாயமும் இல்லை. 'பிள்ளை பெத்தாச்சே' என்பது மருத்துவக் காரணம் ஆகாது. உங்கள் வீட்டாருக்கு இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.

தேதி குறிப்பதற்கு முன் ரத்தத்தை ஏற்ற வேண்டும். 8.4 என்ற அளவில் இருக்கும்போது மயக்க மருந்து கொடுப்பதும் ரத்த இழப்பைத் தாங்குவதும் கடினம். மாத்திரையால் ஏறக் காலம் பிடிக்கும். மாதாமாதம் இவ்வளவு போய்க்கொண்டிருக்கும்போது அதுவும் போதாது. நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றினால் மூன்று நான்கு வாரத்தில் நல்ல ஏற்றம் தெரியும். அயர்ன் சுக்ரோஸ் என்றால் ஒவ்வொரு முறையும் 200 மி.கி. வீதம் சில தவணைகள், ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் என்றால் ஒரே தடவையில் 1,000 மி.கி. வரை ஏற்றலாம். இடையில் வரும் மாதவிலக்கின் பெருக்கைக் குறைக்க டிரானெக்சாமிக் அமில மாத்திரை உதவும். 500 மி.கி. மாத்திரை இரண்டு வீதம் ஒரு நாளைக்கு மூன்று வேளை, ரத்தம் அதிகம் போகும் நான்கைந்து நாள் மட்டும். முன்பு எப்போதாவது காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்திருந்தால் இது கூடாது. உங்கள் மருத்துவரைக் கேட்காமல் மெடிக்கலில் வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

எடுக்க ஏற்ற நாட்கள் மாதவிலக்கின் 6 முதல் 10-ம் நாள் வரை. சவ்வு மெலிந்திருக்கும், பாலிப் தனியாகத் தெரியும். உங்களுக்கு ரத்தம் பத்து நாள் நீள்வதால் அந்த நாட்களைப் பிடிப்பது கடினம். அப்படியானால் நாரெதிஸ்டிரோன் என்ற ஹார்மோன் மாத்திரை கொடுத்து ரத்தத்தைக் கட்டுப்படுத்தித் தேதி வைப்பார்கள். நாற்றமுள்ள வெள்ளைப்படுதலோ காய்ச்சலோ இருந்தால் முதலில் அது குணமாக வேண்டும்.

இரண்டு பிள்ளைகளும் சிசேரியன் என்பதை மருத்துவரிடம் இரண்டாம் தடவையும் சொல்லுங்கள். அதற்குக் காரணங்கள் உண்டு. சுகப்பிரசவம் ஆகாத கர்ப்பப்பை வாய் இறுக்கமாக இருக்கலாம், அதில் குழாயை விடுவதுதான் சிரமமான கட்டம். இளக்குவதற்காகச் சில மணி நேரம் முன்பு மிசோபிரோஸ்டால் மாத்திரை 200 முதல் 400 மைக்ரோகிராம் வரை வைக்கலாம். அதனால் வயிற்றைப் பிடித்து இழுக்கலாம், குளிர் நடுக்கமும் வரலாம், பயப்பட வேண்டாம். அடுத்தது, கர்ப்பப்பை வாய்க்குச் சற்று மேலே, முன்சுவரில் பழைய தையல் தழும்பு இருக்கிறது. அங்கே சிலருக்குக் குழி போன்ற பள்ளம் விழுந்திருக்கும். தெரியாமல் கருவி அதற்குள் போனால் துளை விழும். அந்தக் குழியில் ரத்தம் தேங்கி மாதவிலக்கு முடிந்த பிறகும் கறை படுவதுண்டு. ஸ்கேன் செய்பவரிடம் தழும்பையும் பார்க்கச் சொன்னால் இரண்டுக்கும் பதில் கிடைக்கும்.

மருத்துவமனையில் நடப்பது இதுதான். ஆறு மணி நேரம் முன்பிருந்து சாப்பாடு கூடாது, வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். பி.பி. மாத்திரையை அன்று காலை என்ன செய்வது என்று மயக்க மருத்துவரிடம் கேளுங்கள். பெரும்பாலான பி.பி. மாத்திரைகளை ஒரு மடக்குத் தண்ணீரோடு போட்டுக்கொள்ளச் சொல்வார்கள், ஒரு சில வகைகளை மட்டும் நிறுத்துவார்கள். மெல்லிய கருவியால், வலி மாத்திரை மட்டும் கொடுத்து, மயக்கமே இல்லாமல் செய்வதும் உண்டு. சுகப்பிரசவம் ஆன, சின்ன பாலிப் உள்ள பெண்களுக்கு அது மிக நல்ல முறை. இறுக்கமான வாய், 18 மி.மீ. பாலிப் இரண்டையும் பார்த்தால் உங்களுக்குக் குறுகிய நேர மயக்கமே மேல் என்பது என் கருத்து.

கேமராக் குழாய் உறையோடு சேர்த்துச் சுமார் 5 மி.மீ. தடிமன் இருக்கும். கர்ப்பப்பையின் சுவர்கள் சாதாரணமாக ஒன்றோடொன்று படிந்திருப்பதால், சலைனைப் பாய்ச்சி விரித்தால்தான் உள்ளே பார்க்க முடியும். அந்த அழுத்தம் பெரும்பாலும் 70 முதல் 100 மி.மீ. பாதரசத்துக்குள் இருக்கும். முதலில் இரண்டு கருக்குழாய்களின் வாய்களையும் பார்த்து, உள்ளறை முழுவதையும் ஒரு சுற்று பார்க்க வேண்டும். பாலிப் ஒன்றுக்கு மேல் இருப்பதுண்டு. பிறகு அடிப்பகுதியைக் கண்டுபிடித்துச் சுவரோடு ஒட்டக் கத்தரிக்க வேண்டும். கைதேர்ந்தவர்கள் கடைசி இழையை விட்டுவைத்து, அதை இடுக்கியால் பிடித்து வெளியே எடுப்பார்கள். முழுதாக வெட்டிவிட்டால் பாலிப் நீரில் மிதந்து கையில் சிக்காமல் நழுவும். 18 மி.மீ. பாலிப் அப்படியே கர்ப்பப்பை வாய் வழியாக வராவிட்டால் நீளவாக்கில் பிளந்து எடுப்பார்கள். எடுத்த பிறகு மறுபடி கேமராவை விட்டு, அடிப்பகுதி சுத்தமாக இருக்கிறதா, ரத்தம் கசிகிறதா என்று பார்ப்பது கட்டாயம். மொத்தமும் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

அடி அகலமான பாலிப் என்றால் மின்சார வளையத்தால் சீவி எடுப்பார்கள். அந்தக் கருவி 9 மி.மீ. அளவு வரும் என்பதால் வாயை அதற்கேற்ப விரிக்க வேண்டும். மின்சாரம் ஓடும்போது வளையம் எப்போதும் மருத்துவரை நோக்கித்தான் வர வேண்டும், முன்னோக்கித் தள்ளினால் சுவரைத் துளைத்துக் குடலைச் சுடலாம். இருமுனை மின்சாரம் என்றால் சலைனிலேயே செய்யலாம். பழைய ஒருமுனைக் கருவிக்குச் சலைன் ஆகாது, கிளைசின் என்ற திரவம் வேண்டும். இங்கேதான் கவனம் தேவை. உள்ளே பாய்ச்சும் திரவத்தில் ஒரு பகுதி ரத்தக்குழாய் வழியாக உடம்புக்குள் போய்விடும். கிளைசின் அப்படி அதிகம் போனால் ரத்தத்தில் சோடியம் இறங்கி, குழப்பம், வலிப்பு வரை போகும். எனவே உள்ளே விட்டதைவிட வெளியே வந்தது 1 லிட்டர் குறைந்தாலே நிறுத்திவிட வேண்டும். சலைன் என்றால் 2.5 லிட்டர் வரை தாங்கலாம், வயதானவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் 1.5 லிட்டர்தான். உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று ஒரு நர்ஸ் கணக்கு வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். 'சலைனில் செய்வீர்களா, திரவக் கணக்கு வைப்பீர்களா' என்று தயங்காமல் கேளுங்கள். நன்றாகச் செய்யும் மருத்துவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

துளை விழுவது நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான். விரிந்திருந்த உள்ளறை திடீரென்று சுருங்கும், திரவக் கணக்கு சட்டென்று எகிறும், அதில் தெரிந்துவிடும். மின்சாரம் இல்லாமல் விழுந்த சிறு துளை பெரும்பாலும் கண்காணிப்பிலேயே ஆறிவிடும். மின்சாரத்தோடு விழுந்தது என்றால், வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவால் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி செய்து குடலைப் பார்க்க வேண்டும். சம்மதப் படிவத்தில் இந்த வரி இருந்தால் அதற்குப் பொருள் இதுதான், அதைப் பார்த்து மிரள வேண்டாம். தொற்று அரிது. வழக்கமாக ஆன்டிபயாடிக் தேவைப்படுவதில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு நாள் மாதவிலக்கு வலி போல இருக்கும், சில நாள் முதல் இரண்டு வாரம் வரை லேசாகக் கறை படலாம். இரண்டு வாரம் தாம்பத்தியம் வேண்டாம். மயக்கம் கொடுத்திருந்தால் அன்று தனியாகப் பேருந்தில் திரும்பக் கூடாது, ஒருவர் கூட வர வேண்டும். இரண்டு மூன்று நாளில் வேலைக்குப் போகலாம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் அடித்தாலோ, வயிற்று வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனாலோ, வயிறு உப்பினாலோ, மூச்சு வாங்கினாலோ இரவானாலும் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

பாலிப்பை ஃபார்மலின் ஊற்றிய புட்டியில் போட்டுப் பயாப்ஸிக்கு அனுப்ப வேண்டும். சுற்றியுள்ள சவ்வின் துணுக்கு வேறு புட்டியில் போக வேண்டும். ரிப்போர்ட் வர ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகலாம். ரத்தம் நின்றுவிட்டது என்று ரிப்போர்ட்டை வாங்காமலே விட்டுவிடுகிறார்கள் பலர். சகோதரி, இதை மட்டும் செய்துவிடாதீர்கள். 'பினைன் பாலிப்', அதாவது புற்றுநோயற்ற பாலிப், என்று வந்தால் அதோடு சரி. 'ஹைப்பர்பிளேசியா, ஏடிப்பியா இல்லை' (சவ்வு மிகையாக வளர்ந்திருக்கிறது, ஆனால் செல்களில் கெட்ட மாற்றம் இல்லை) என்று வந்தால் ஹார்மோன் சிகிச்சையும், ஆறு மாதத்தில் மறு பரிசோதனையும் தேவை. அது புற்றுநோயாகும் வாய்ப்பு 20 ஆண்டுகளில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. 'ஏடிப்பியா' இருக்கிறது என்று வந்தால்தான் கர்ப்பப்பையை எடுப்பது பற்றிப் பேச வேண்டிய நேரம்.

பாலிப் போனதும் இடைக்கறை பெரும்பாலும் நின்றுவிடும். மாதவிலக்கின் பெருக்கு முழுதாகக் குறையும் என்று உறுதி சொல்ல மாட்டேன், அதற்கு வேறு காரணமும் கூட இருக்கலாம். ரிப்போர்ட் நன்றாக வந்த பிறகும் பெருக்கு தொடர்ந்தால் 52 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரல் உள்ள ஹார்மோன் காயிலைக் கர்ப்பப்பைக்குள் வைக்கலாம், ஐந்து வருடம் வேலை செய்யும். முதல் மூன்று முதல் ஆறு மாதம் விட்டு விட்டுக் கறை படும். அதைத் தெரிந்துகொண்டு வைத்தால் பாதியில் எடுக்கச் சொல்ல மாட்டீர்கள்.

உங்கள் மாமியாரைப் பற்றி இரண்டே வரி எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கடிதத்தில் அவசரமானது அதுதான். மாதவிலக்கு நின்று ஓராண்டுக்குப் பிறகு ஒரு சொட்டு பட்டாலும் பார்த்தே ஆக வேண்டும். பெரும்பாலானவர்களுக்குச் சவ்வு வறண்டு மெலிந்ததே காரணமாக இருக்கும், சிலருக்குப் பாலிப். ஆனால் இப்படி வருபவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் இருக்கிறது. ஆரம்பத்தில் பிடித்தால் பெரும்பாலும் குணமாகும். அவருக்கு எந்த நாளில் வேண்டுமானாலும் பிறப்புறுப்பு வழி ஸ்கேன் எடுக்கலாம். சவ்வு 4 மி.மீ.க்கு மேல் இருந்தால் பயாப்ஸி வேண்டும். அதற்குக் குறைவாக இருந்து மறுபடி கறை பட்டாலும் பயாப்ஸி வேண்டும். கர்ப்பப்பை வாயையும் நேரில் பார்த்துப் பரிசோதிக்க வேண்டும். 'நின்னுபோச்சு, இனி எதுக்கு' என்று அவர் சொன்னால், நின்றுபோனதால்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். பெண் மருத்துவர் பார்ப்பார் என்றும் சொல்லுங்கள். அடுத்த வாரத்தைத் தாண்ட விடாதீர்கள்.

கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனை, அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரியில் எல்லைப்பிள்ளைச்சாவடி ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை, கோரிமேடு ஜிப்மர் ஆகியவை உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. மகளிர் நோய்ப் பிரிவில் ஹிஸ்டரோஸ்கோப்பி எந்த நாட்களில் செய்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தனியாரிடம் போவதென்றால், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இந்தச் சிகிச்சைக்குச் செல்லுமா என்பதை அங்குள்ள காப்பீட்டு மேசையில் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். ஸ்கேன் படங்கள், ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், சிசேரியன் டிஸ்சார்ஜ் சீட்டுகள், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துப்போங்கள். ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வேறு மாத்திரையோ உங்களுக்கும் மாமியாருக்கும் இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பயாப்ஸிப் படிவத்தில் வேறு யாருடைய எண்ணையும் கொடுக்காமல் உங்கள் சொந்த செல்போன் எண்ணையே எழுதுங்கள். மாமியாரின் படிவத்திலும் அதே எண் இருக்கட்டும்.